கத்தரிக்கோல் படாத கோட்டு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நட்புகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அழுது அழுது வாசிக்க வேண்டிய கட்டுரை அல்ல. எங்கள் அண்ணாவுக்கு அது பிடிக்காது. பிறர் வீட்டுச் சாவில் ஒப்பாரி உச்சத்துக்குப் போனாலே, "மெல்லமா அழுங்ககா, போனவர் திடுக்கிட்டு ஒழும்பிடுவார்" என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தவர் அவர். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு வந்து, சோறு தின்று, வெற்றிலை போட்டு, இந்த மலரையும் எடுத்துப் போகும் நீங்கள் இதை வாசிக்கும்போது ஒரு தடவையாவது சிரிக்க வேண்டும். சிரிப்பு வராவிட்டால் பிழை என் எழுத்தில்தான் இருக்கும்.

எழுதுகிற நான் அவருடைய ஒரே தங்கை. இந்தக் கரையோரத்தில் பல வருடம் குடும்பநல மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இதை வாசிக்கிற இளையவர்கள் பலருக்கு முதற் சட்டை போட்ட கை என்னுடையது. "உலகத்துக்கு வாறவனுக்கு நீ சட்டை போடு, மாப்பிள்ளையாப் போறவனுக்கு நான் போடுறன். நடுவில இருக்கிறவன் எப்பிடியும் போட்டுக்கொள்ளட்டும்" என்று அண்ணா சொல்வார். எங்கள் இருவருக்கும் தொழில் ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

அண்ணா பெரியகல்லாற்றில் பிறந்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் எங்கள் வளவு. அப்பா வாவியில் வலை போட்டவர். தலைப்பிள்ளை தோணிக்கு வருவான் என்று அவர் பார்த்திருக்க, அண்ணாவோ அம்மாவின் தையல் மெசினடியில் போய்க் குந்திக்கொண்டார். கிழிந்த வலையைக் கொடுத்தால் மட்டும் ஆசையாகத் தைப்பார். "இவன் மீன் பிடிக்கமாட்டான், மீன் தப்பிப்போன ஓட்டையைத்தான் அடைப்பான்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டது எனக்கு நல்ல ஞாபகம். ஆனாலும் களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஒரு தையற்கடையில் அவரைக் கொண்டுபோய் விட்டவரும் அப்பாதான்.

அண்ணா தனியாகத் தைத்த முதல் கோட்டு எங்கள் பெரியமாமாவுக்கு. அம்மாவின் மூத்த அண்ணன், பாடசாலை அதிபர். அந்தக் காலத்தில் கோட்டு என்றால் விறைப்பு. தோளுக்குப் பஞ்சு, நெஞ்சுக்குக் கன்வஸ், உள்ளே பளபளக்கும் லைனிங், இவ்வளவும் போதாதென்று கஞ்சி வேறு. பெரியமாமா அதைப் போட்டுக்கொண்டு கொடியேற்ற நின்றால், எது கம்பம் எது அதிபர் என்று தூரத்தில் இருந்து தெரியாது. அவருக்கு அந்தக் கோட்டில் அவ்வளவு பெருமை. சாமி அறை அலுமாரியில்தான் அது தொங்கும்.

பிறகு ஊர் நிலைமை கெட்டது. அதைப் பற்றி இங்கே விரித்து எழுதப்போவதில்லை, எல்லோரும் பட்டதுதான். கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டில், அதாவது என் மச்சாள் வீட்டில், குடியிருந்த அண்ணாவை, மச்சாளின் தாய் தன் தாலிக்கொடியை ஈடுவைத்து இத்தாலிக்கு அனுப்பினார். அண்ணாவுக்கு அப்போது இத்தாலி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது. மிலானோவில் இறங்கி, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, படிக்கட்டுத் துடைத்து, கடைசியில் நகரத்துக்கு வெளியே ஒரு தையற்கூடத்தில் அயன் பண்ணும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கூடம் தன் பெயரில் ஒன்றும் தைப்பதில்லை. உலகமெல்லாம் பெயர் போன ஒரு பெரிய ஆடை நிறுவனத்துக்குக் கோட்டுத் தைத்துக் கொடுக்கும். அங்கே இப்படிப்பட்ட நிறுவனங்களை "வீடு" என்றுதான் சொல்வார்களாம். அது அண்ணாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "நான் பெரிய வீட்டு வேலைக்காரன்" என்று முதல் தொலைபேசியிலேயே சொன்னார். மாளிகை ஏதோ கூட்டுகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

அயனிலிருந்து ஆள் மெல்லமெல்ல ஊசிக்கு நகர்ந்தார். கோட்டுக்குக் கை வைத்துத் தைப்பது அவர் வேலையாயிற்று. முதல்நாள் ஒரு கோட்டை எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்த்தவருக்குத் தலை சுற்றியதாம். உள்ளே ஒன்றுமே இல்லை. பஞ்சு இல்லை, கன்வஸ் இல்லை, லைனிங்கும் பாதிதான். கையைச் சட்டைக்கு வைப்பதுபோலச் சும்மா வைத்திருக்கிறார்கள். "தைச்சு முடிக்காத கோட்டை ஏன் அனுப்புறீங்க?" என்று பக்கத்தில் இருந்த நாப்போலிக்காரனைக் கேட்டிருக்கிறார். அவன் எழுந்து, அந்தக் கோட்டை அண்ணாவுக்கே போட்டுவிட்டானாம். "தங்கச்சி, ஆராவது பின்னுக்கு வந்து தோளில கையைப் போட்ட மாதிரி இருந்திச்சு. அவ்வளவுதான்" என்றார் அண்ணா. அன்றைக்கு ஊரில் கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. நான் தொலைபேசியின் இந்தப் பக்கத்தில் இருந்து, "இஞ்ச ஆம்பிளைகள் சட்டையையே கழட்டித் தோளில போட்டுக்கொண்டு திரியிறானுகள், நீங்க என்ன கோட்டுக் கதை சொல்றீங்க?" என்று ஏசினேன்.

அந்தக் கூடத்தில் கடைசி வேலை லேபிள் வைப்பது. பெரிய வீட்டின் பெயர் நெய்த அந்தச் சின்னத் துண்டை நம்பிக்கையான ஒரு பெண்மணி மட்டுமே தைப்பாராம். லேபிள் ஏறும்வரை அந்தக் கோட்டைக் கதிரையில் போடலாம், மடியில் வைத்துச் சாண்ட்விச் சாப்பிடலாம். ஏறினபிறகு தொட்டால் கையுறை வேண்டும். அண்ணா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "அர்ச்சனை பண்ணினபிறகு தேங்காயைப் பாக்கிற மாதிரித்தான்."

மச்சாளும் போய்ச் சேர்ந்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தப் பெரிய வீட்டின் கடையைப் பார்க்கப் போனார்கள். கண்ணாடிக்குள் ஒரு பொம்மை, பொம்மையின் உடம்பில் அண்ணா கை வைத்த கோட்டு. அண்ணா தெருவில் நின்றபடி அந்தக் கைக்கு வணக்கம் சொல்ல, வாசற்காவலாளி வந்துவிட்டார். அவரும் எங்களைப்போல எங்கிருந்தோ வந்த மனிதர். அண்ணா ஊசி பிடித்துக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, பொம்மையைக் காட்டியிருக்கிறார். காவலாளி ஒரு கணம் பார்த்துவிட்டு, கதவை அகலத் திறந்து, கோடீஸ்வரருக்குச் சொல்வதுபோலக் குனிந்து உள்ளே அழைத்தாராம். "உள்ளுக்குப் போய் விலைத்துண்டைப் பாத்தன். மறுகா என்ன, பாத்த கையோட வெளிய வந்திட்டன்" என்பது மச்சாளின் சாட்சியம்.

வருடங்கள் ஓடின. ஊரில் வெடிச்சத்தம் நின்று சில காலத்தின்பின் அண்ணா குடும்பத்தோடு திரும்பி வந்தார். பெரிய தெருவில், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் கடை திறந்தார். அந்தக் கடையில் தையலைவிட இத்தாலிக் கதைதான் அதிகம் நடந்தது என்பது ஊரறிந்த விசயம். சாறிச் சட்டைக்குக் கொக்கி வைக்க வந்த பிள்ளையும் பிரென்ஸே என்ற புளோரன்ஸ் நகரத்துச் சரித்திரம் கேட்காமல் வெளியேற முடியாது. எனக்கே அவ்வளவும் மனப்பாடம்.

"ஒருத்தன் வெளிநாட்டு ஹோட்டல்ல பெட்டி தூக்கினவன், புள்ள. பணக்காரண்ட பெட்டியளத் தூக்கித் தூக்கி, இதென்ன தோல், இதென்ன தையல் எண்டு பாத்தான். ஊருக்கு வந்து தானே பெட்டி செய்யத் தொடங்கினான். யுத்தம் வந்திச்சு, தோல் இல்ல. மூங்கிலை நெருப்பில காட்டி வளைச்சு, பைக்குப் பிடி போட்டான். இன்னொருத்தன் சப்பாத்துக்குத் தோல் இல்லாம, போத்தல் மூடுற தக்கையில அடி வைச்சான். உலகத்துச் சீமாட்டியெல்லாம் அதைத்தானே தேடித் தேடி வாங்கினவளுகள்! சண்டைக்காலத்தில பெற்றோல் இல்லாம மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓட்டின நமக்கு அது விளங்காதா?" என்பார்.

இதை அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை, உண்மையான மரியாதையோடு சொன்னார். போரில் தோற்று, வயிறு காய்ந்து கிடந்த நாடு அது. ஆடை என்றால் பாரிஸ் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அமெரிக்கக் கடைக்காரரைத் தங்கள் ஊருக்கு அழைத்து, ஒரு பழைய மாளிகை மண்டபத்தில் தங்கள் தையலை நடக்கவிட்டுக் காட்டினார்கள். பிறகு மிலானோ எழுந்தது. அங்கே துணி ஆலையும் பக்கத்தில், தையற்கூடமும் பக்கத்தில். ஒருவர் கோட்டின் குடலை உருவி எடுத்தார். சினிமா நடிகர்கள் அதைப் போட்டார்கள், கந்தோரில் வேலை செய்யும் பெண்களும் போட்டார்கள், உலகத்தின் தோள் தளர்ந்தது. இன்னொரு குடும்பத்துப் பேத்தி, பட்டாளத்துக்கு நெய்த கறுப்பு நைலோனில் கைப்பை செய்து, தோலைவிட அதிக விலைக்கு விற்றாள். அண்ணாவுக்கு அந்தக் கெட்டிக்காரியில் தனிப் பிரியம். "குடைச்சீலையைத் தங்கமாக்கினவள்" என்பார்.

அவர்களுடைய பெயர் எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டதல்லவா? கல்முனை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பொன் கொளுவி போட்ட கைப்பை, பட்டியில் பெரிய எழுத்து, கறுப்புக் கண்ணாடியின் காதில் சின்ன எழுத்து. எல்லாம் சந்தையில் குவித்து விற்பவைதான். படித்த சிலர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அண்ணா சுளிக்கவே மாட்டார். ஒருநாள் பாலத்தில் நின்று என்னைத் தட்டிக் காட்டினார். கீழே வாவியில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். சட்டை முதுகு நிறைய மிலானோப் பெரிய வீட்டின் பெயர். "பாரன்கா! அங்க கண்ணாடிக்குள்ள கிடக்கிற பேர், இஞ்ச றால் பிடிக்குது!" என்று அவர் போட்ட கூச்சலில் வலைக்காரரே திரும்பிப் பார்த்தார். அண்ணா அவருக்குக் கை காட்டினார்.

பெரிய வீடுகள் விற்பது துணியை அல்ல, துணி போட்டவன் நிமிரும் விதத்தைத்தான் என்று அண்ணா நம்பினார். அதை எங்கள் ஆட்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஊர் விடவில்லை. கலியாண வரவேற்புக்குக் கோட்டுத் தைக்க வருகிறவர்கள் எல்லோரும் தோள் தூக்கி, நெஞ்சு விறைத்து, பளபளவென்று கேட்டார்கள். மிலானோக் கோட்டை எடுத்துக் காட்டினால், "இது கோட்டா, நனைஞ்ச சட்டையா?" என்றார்கள். அண்ணாவும் வயிற்றுப்பாட்டுக்கு விறைப்பாகவே தைத்துக் கொடுத்து வந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பெரியமாமா காலமானார். முதிர்ந்த வயதுச் சாவு. அதிபரல்லவா, அலுமாரியில் இருந்த கோட்டைத்தான் போட வேண்டும் என்று பிள்ளைகள், உடலைக் குளிப்பாட்டி உடுத்திப் பெட்டியில் வைக்கும் மலர்ச்சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டி வீட்டுக்கு வந்தது. பெரியமாமா கொடியேற்றும் நாள்போலவே கிடந்தார். அண்ணா தன் முதல் கோட்டை ஆசையோடு பார்த்து, கொலரைச் சரிசெய்யக் கழுத்துக்குப் பின்னால் கைவிட்டார். கை அப்படியே நின்றுவிட்டது. கோட்டுக்கு முதுகே இல்லை. கொலரிலிருந்து கீழ்விளிம்பு வரை நேராக வெட்டி, முன்னால் மட்டும் போர்த்தி, வெட்டிய பக்கங்களை அடியில் செருகியிருந்தார்கள்.

அண்ணா முற்றத்துக்குப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். பெட்டியோடு வந்த மலர்ச்சாலைத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தத் தம்பி ஒளிக்காமல் சொன்னார். "கோவிக்காதீங்க அண்ண. எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்யிற. கை மடங்காது, கோட்டும் மடங்காது. வெட்டாமப் போட ஏலாது."

நான் தம்பியோடு சண்டைக்குப் போக எழும்பினேன். அண்ணா என் கையைப் பிடித்து இருத்தினார். கண் நிறைந்திருந்தது, ஆனால் வாய் சிரித்தது. "அவரில பிழை இல்ல தங்கச்சி. மாமாவும் விறைப்பு, எண்ட கோட்டும் விறைப்பு. ரெண்டில ஒண்டு விட்டுக்குடுக்கத்தானே வேணும்" என்றார். பிறகு, "எண்ட கோட்டில மட்டும் கத்தரிக்கோல் வைக்க விடாத. மச்சாள் அழுதுகொண்டு கிடப்பாள், மகளுக்கு வாய் வராது. உனக்குத்தான் வாய் இருக்கு. நீ பாக்கோணும்" என்றார். நான், "சரி சரி, நீங்க முதல்ல சாகிற அலுவலைப் பாருங்க" என்றேன். இருவரும் சாவீட்டு முற்றத்தில் இருந்து சிரித்தோம். ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்றிலிருந்து அண்ணா விறைத்த கோட்டுத் தைப்பதை நிறுத்தினார். வெக்கைக்கு ஏற்ற துணி வேண்டுமென்று காத்தான்குடிக்குப் போய், தறி வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணனை, எங்கள் பேச்சில் காக்காவை, பிடித்தார். அந்தக் காக்கா முதலில் கேட்டது, "தம்பி, சாரத்துக்கா?"

"இல்ல காக்கா, கோட்டுக்கு."

"கோட்டுக்கா! அல்லாவே, இந்த வெயிலுக்கு ஆருக்கு இந்தத் தண்டனை?"

இருவரும் மாதக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். நெருக்கி நெய்தால் புழுங்கியது, ஐதாக நெய்தால் தொங்கியது. நூலை இறுக முறுக்கி, இடையிடையே காற்றுக்கு வழிவிட்டு நெய்த துணி ஒன்றுதான் கடைசியில் தேறியது. கையில் கசக்கி விட்டாலும் தானாக விரியும். காக்கா அதை முகத்தில் போட்டு மூச்சு விட்டுக் காட்டி, "மாப்பிள்ளை மூச்சு முட்டிச் சாகமாட்டார், ரெண்டாம் கலியாணத்துக்கும் வருவார்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அந்தத் துணியில் முதற் கோட்டு அடுத்த ஊர் மாப்பிள்ளை ஒருவருக்கு. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்தவர், போட்டுப் பார்த்ததும் மயங்கிவிட்டார். அவருடைய தாய் மயங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த அந்த மாமி, உள்ளே ஒன்றும் இல்லையென்று கண்டதும் பதறிப்போனார். தையற்காரன் சாமானை மிச்சம்பிடித்துவிட்டான், மகன் சபையில் தோள் ஒடிந்தவன்போல நிற்கப் போகிறான் என்று நினைத்தார். ஆரிடமும் சொல்லாமல், தலையணையைக் கிழித்து, இலவம் பஞ்சை இரண்டு தோளிலும் திணித்து, தானே கையால் தைத்துவிட்டார்.

வரவேற்பு கலியாண மண்டபத்தில். அண்ணாவும் நானும் முன்வரிசையில். மாப்பிள்ளை மேடையேறியபோது அண்ணாவின் முகம் கறுத்தது. "தோள் ஏன் வீங்கிக் கிடக்கு?" என்றார். படம் எடுப்பவர், "கையைத் தூக்கிப் பொம்பிளையின் தோளில போடுங்க" என்றார். மாப்பிள்ளை தூக்கினார். பஞ்சு ஒரு பக்கத்தால் வழுகி முழங்கைக்குப் போயிற்று. மற்றக் கையையும் தூக்கச் சொன்னார்கள். அதுவும் போயிற்று. முழங்கை இரண்டும் பனங்காய்போலப் புடைத்திருக்க, கைவாயால் இலவம் பஞ்சு மெல்ல வெளியே வந்து பறக்கத் தொடங்கியது. மேலே மின்விசிறி. பொம்பிளையின் கொண்டையில், கேக்கில், ஐயரின் மொட்டந்தலையில் எல்லாம் பஞ்சு. மாமி கீழே நின்று, "ஐயோ, எண்ட தலாணி!" என்று கத்தியதில்தான் விசயம் வெளிவந்தது.

மண்டபம் உருண்டு புரண்டு சிரித்தது. மாப்பிள்ளைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மேடையிலேயே கோட்டைக் கழற்றி, அண்ணாவை மேலே கூப்பிட்டார். அண்ணா வாயால் நூலைக் கடித்து அறுத்து, பஞ்சை உதறி, திரும்பப் போட்டுவிட்டார். கோட்டு சும்மா வந்து தோளில் இருந்தது. எனக்கு அந்தக் கணம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாப்பிள்ளை தோளைக் குலுக்கிப் பார்த்தார், இரு கையையும் மேலே தூக்கினார், அப்படியே ஆடத் தொடங்கிவிட்டார். கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து கோட்டை வாங்கிப் போட்டு ஆடினார்கள். அந்த மாமி மறுகிழமை பலகாரத் தட்டோடு கடைக்கு வந்து, "எண்ட மற்ற மகனுக்கும் அந்த ஒண்டுமில்லாத கோட்டுத்தான் வேணும்" என்றார். இன்றும் ஊரில் அதற்குப் பெயர் அதுதான். ஒண்டுமில்லாத கோட்டு.

அதன்பிறகு அண்ணாவுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. பாசிக்குடா ஹோட்டல்களில் வரவேற்பில் நிற்கிற பிள்ளைகளுக்குத் தைத்தார். ஓட்டமாவடியில் இருந்து நிக்காஹ் மாப்பிள்ளைமார் வந்தார்கள். அண்ணாவின் மகள், என் மருமகள், படிப்பை முடித்துவிட்டு கடையில் பாதியை எடுத்துக்கொண்டாள். லேபிள் வைக்கலாம் என்று சொன்னவளும் அவள்தான். அண்ணா யோசித்து, கடைப்பெயரும் காக்காவின் தறியும் சேர்ந்து வருவதுபோல ஒரு சின்னத் துண்டு நெய்வித்தார். "இத்தாலியில பேரை மட்டும் போடுவானுகள், நெய்தவனைப் போட மாட்டானுகள். நாம ரெண்டையும் போடுவம்" என்றார். முதல் லேபிளைத் தன் சொந்தக் கோட்டுக்கே வைத்தார். வாவித் தண்ணீரின் நிறம், அரைகுறை நீலம். கோயில் திருவிழா, கலியாணம், பேரன் பிறந்த வீடு எல்லாவற்றுக்கும் அதே கோட்டுத்தான். மச்சாள், "விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டினாப்போல, மீன் வாங்கப் போறதுக்கும் கோட்டோ?" என்று ஏசுவார். சொல்லிவிட்டு, கொலரைத் தானே சரிசெய்து விடுவார்.

போன மாரியில் அண்ணாவின் நெஞ்சு களைக்கத் தொடங்கியது. வைத்தியர்கள் முடிந்ததைச் செய்தார்கள். கட்டிலில் கிடந்தும் வாய் ஓயவில்லை. பார்க்க வந்தவர்களின் சட்டைத் தோளைப் பார்த்து, "ஆர் தைச்ச? கை ஒரு நூல் பின்னுக்குப் போயிட்டு" என்பார். கடைசிக் காலையில் மச்சாள் ஊட்டிய கஞ்சியைக் குடித்து, மகளிடம் கடைச் சாவி எங்கே என்று கேட்டு, கண்ணை மூடினார். துன்பப்படாமல் போனார். அதற்காகத் தெய்வத்துக்கு நன்றி சொல்கிறேன்.

இனி நன்றி சொல்கிற இடம். எங்கள் துயரில் பந்தல் போட்டவர்கள், மூன்று வேளையும் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்கள், வைத்தியசாலையில் முகம் கோணாமல் பார்த்த தாதியர், சுடலைவரை வந்து மழையிலும் நின்ற காத்தான்குடிக் காக்காவும் அவர் பிள்ளைகளும், தங்கள் ஒண்டுமில்லாத கோட்டைப் போட்டுக்கொண்டே வந்து பெட்டி சுமந்த மாப்பிள்ளைமார், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் பெயராகச் சொன்னால் ஆரையாவது விட்டுவிடுவேன், பிறகு அவருக்கு வேறு நான் பதில் சொல்ல வேண்டும்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியமாமாவைக் கொண்டுவந்த அதே மலர்ச்சாலைத் தம்பி. அண்ணாவின் நீலக் கோட்டோடு நானே அங்கே போனேன். பெண்கள் உள்ளே வருவதில்லை என்றார்கள். பிறந்த உடம்புகளை என் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள், இந்த உடம்பையும் பார்ப்பேன் என்றேன். தம்பி பழக்கதோசத்தில் கத்தரிக்கோலை எடுத்தார்.

"அதைக் கீழ வையுங்க தம்பி."

"அக்கா, வெட்டாம ஏலாது. கை மடங்காதே."

"இந்தக் கோட்டு மடங்கும். நீங்க தோளை மட்டும் தூக்கிப் பிடிங்க."

பச்சைப்பிள்ளைக்குச் சட்டை போடுவது எப்படியென்று தாய்மாருக்கு நான் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளையின் கையைச் சட்டைக்குள் தள்ளக்கூடாது. உங்கள் கையைக் கைவாயால் உள்ளே விட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவர வேண்டும். அதையேதான் செய்தேன். அண்ணாவின் முழங்கையைச் சற்று இளகும்வரை மெல்லத் தேய்த்தேன். கோட்டின் கைவாயால் என் கையை விட்டேன். உள்ளே பஞ்சு இல்லை, கன்வஸ் இல்லை, அண்ணா சொன்னதுபோல ஒன்றுமே இல்லை. என் கை நேரே போய் அவர் கையைத் தொட்டது. ஊசி பிடித்துக் காய்ப்பேறிய அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, "வாங்க அண்ண" என்றேன். வந்தார். மற்றக் கையும் அப்படியே வந்தது. அங்கேதான் நான் அழுதேன், நன்றாக அழுதேன்.

முதுகு முழுசாக, எங்கள் அண்ணா தன் கோட்டோடு போனார். தோளில் ஆரோ கை போட்டதுபோலத்தான் அவருக்கு இருந்திருக்கும்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து கடை திறந்த அன்று, அந்தத் தம்பி வாசலில் வந்து நின்றார். ஏதும் கணக்குத் தீர்க்க வந்தாரோ என்று மச்சாள் எழும்பினார். தம்பி நெளிந்தார். "இல்ல அக்கா. நான் எத்தனையோ பேருக்குக் கோட்டுப் போட்டிருக்கன். எனக்குப் போடோணும் எண்டு ஆசை வந்தது அண்ணண்ட கோட்டைப் பாத்துத்தான். எனக்கு ஆவணியில கலியாணம்."

மருமகள் அளவுநாடாவை எடுத்தாள். ஆவணியில் எல்லோரையும் வரச்சொல்லித் தம்பி சொல்லியிருக்கிறார்; அண்ணா சார்பில் நானும் அழைக்கிறேன்.